லிட்டருக்குப் பதினைந்து

ஜன்னல் கண்ணாடியை இறக்கக் கூடாதாம். காற்று உள்ளே புகுந்தால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும் என்கிறார் வீட்டுக்காரர். பாளையங்கோட்டை தாண்டியதிலிருந்து கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒன்பது மணி வெயில் என் இடது தோளில் ஏறி உட்கார்ந்து வருகிறது, நான் கண்ணாடியின் பிடியைத் தொடவில்லை. இன்றைக்கு ஒரு நாள் எல்லாம் அவர் சொன்னபடியே நடக்கட்டும். நேற்று சாயங்காலம் எங்கள் ஊர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பங்க்கில் இந்த பிக்கப்புக்கு டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பினார். பைப் தானாக நின்ற பிறகும் வண்டியைத் தோளால் முட்டி முட்டி ஆட்டினார், உள்ளே அடைபட்ட காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியே வந்தது, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார், டீசல் டேங்க் வாயில் வந்து கண்ணீர் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும் வரைக்கும். விடியும் முன்னால் வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் இறக்கிவிட்டு, இதோ திரும்பி வருகிறோம். அதே பங்க்கில், அதே பைப்பில், அதே வாய் வரைக்கும் மறுபடியும் நிரப்ப வேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் வண்டி குடித்தது. போக வர அறுபத்தாறு கிலோமீட்டர். நாலு புள்ளி நாலு லிட்டர் பிடித்தால் லிட்டருக்குப் பதினைந்து, வண்டி வாங்கிய புதிதில் கொடுத்தது. ஆறு லிட்டர் பிடித்தால் பதினொன்று, இந்த நாலு மாதமாகக் கொடுப்பது. ஆறு பிடிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு வருகிறேன். டீசல் மிச்சம் பிடித்ததற்காக மேடையில் மாலை வாங்கிய மனிதரின் பெண்டாட்டி, வாயை மூடிக்கொண்டு, வண்டி கெட்டுப் போயிருக்கட்டும், வைகுண்டநாதா, வண்டி கெட்டுப் போயிருக்கட்டும் என்று.

"ஏட்டி, கால ஆட்டாம இரி," என்கிறார் ரோட்டைப் பார்த்தபடியே. "நான் கால ஆட்டுனா டீசல் குறையுமாக்கும்?" "நீ ஏறுனதுலயே லிட்டருக்கு அரை கிலோமீட்டர் போச்சு. உன் வெயிட்டு அறுவத்தெட்டுக் கிலோ." "அறுவத்தாறு." "சரி, அந்த ரெண்டு கிலோவுக்கு உள்ளது மிச்சம்." பழைய சிரிப்பு, பழைய பல். இந்த மனிதருக்கு ஒன்றும் இல்லை என்று அந்த நிமிஷத்துக்கு எனக்குத் தோன்றுகிறது, வெயிலில் ஒரு மர நிழலைக் கடப்பது போல அது வந்து போகிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்று போன மாதம் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். தார்ப்பாய், கயிற்றுச் சுருள், ஜாக்கி, கடைசியில் ஸ்டெப்னி டயரையும் இறக்கி முருங்கை மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டார். பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்றால், "இந்த நம்பிராஜன் ஓட்டுத வண்டி பஞ்சர் ஆவாது" என்கிறார். கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். மைலேஜ் என்றால் அவருக்கு மானம். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டினார். டிப்போ வாசலில் மாசா மாசம் பலகையில் எழுதிப் போடுவார்கள், எந்த டிரைவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுத்தார் என்று. கே.எம்.பி.எல். அந்த நாலு எழுத்தும் சேர்ந்து எவளோ ஒரு பெண்ணின் பெயர் போல எங்கள் வீட்டில் புழங்கியது. இந்த மாசம் கே.எம்.பி.எல் நல்லா இருக்கா, கே.எம்.பி.எல் கோவிச்சிக்கிட்டாளா என்று கேட்டு நான் கேலி செய்திருக்கிறேன். இரண்டு தடவை முதலாவதாக வந்தார். கொடுத்த எவர்சில்வர் அண்டாவில்தான் அரிசி கொட்டி வைத்திருக்கிறேன், விளிம்பில் அவர் பெயரும் ஐந்து புள்ளி ஏழு ஒன்று என்கிற எண்ணும் வெட்டியிருக்கும், அரிசி எடுக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டு அந்த எண்ணில் உரசும். அன்றைக்கு மேடையில் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்துப் பயந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: பிரேக்கை மிதிக்கிறவன் டீசலை ரோட்டில் ஊற்றுகிறான். இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார். இப்போதும் பிரேக்கை மிதிக்காமல்தான் ஓட்டுகிறார். தூரத்தில் ஒரு ஆடு ரோட்டோரம் நிற்பதைப் பார்த்துவிட்டால் அங்கேயே காலை எடுத்துவிடுகிறார், வண்டி தன் போக்கில் இளைத்து இளைத்து ஆட்டுக்கு வழிவிட்டுப் பிறகு மெல்ல ஏறிக்கொள்கிறது. ஆட்டை மறக்கவில்லை. கியரை மறக்கவில்லை. கையும் காலும் எதையும் மறக்கவில்லை. மறப்பது எது, எங்கே இருக்கிறது அது, தலைக்குள்ளே எந்த வளைவில்.

ஜெபராஜ் வராமல் இருந்திருந்தால் நானும் இஞ்சினைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன். இவரோடு பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக ஓடியவர், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார், இவர் குளித்துக்கொண்டிருந்தார். "அக்கா, டிரைவர் அண்ணன் இப்ப சாத்தான்குளத்துக்கும் இலை போடுதாங்களா?" என்றார் காப்பியை ஆற்றிக்கொண்டே. இல்லையே என்றேன். "போன வாரம் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள்ள, நம்ம பழைய பஸ்ஸு நிக்குமுல்லா, அதே எடத்துல பிக்கப்ப நிறுத்திருக்காங்க. டைம் கீப்பர் கெடந்து கத்துதாரு. நான் போயி, என்னண்ணேன்னேன். வாட்ச்சப் பாத்துட்டு, வண்டி எடுக்க இன்னும் ஏழு நிமிசம் இருக்குலேன்னாங்க. தமாசுன்னு நெனச்சு நான் சிரிச்சிட்டேன் அக்கா. பெறவு பாத்தா, அவங்க சிரிக்கல." குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. ஜெபராஜ் என் முகத்தைப் பார்த்தார், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு இரவு கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினேன், வகுத்தேன். வாரத்துக்கு ஆறு நடைக்கு இருபத்தாறு லிட்டர் குடிக்க வேண்டிய வண்டி முப்பத்தாறு குடிக்கிறது. மிச்சம் பத்து. பத்து லிட்டரில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடலாம். ரோடு பிரிகிற எங்கள் ஊர் விலக்கிலிருந்து சாத்தான்குளம் போய்த் திரும்ப ஐம்பது. மூன்று நாள். அவர் ஒன்பதரைக்கு வராமல் பதினொரு மணிக்கு வருகிற நாட்களும் வாரத்துக்கு மூன்றுதான். இருபது வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்து தேதி முத்திரை குத்தியவள், எண்கள் இப்படிச் சரியாக வந்து பொருந்துவது எனக்குப் பிடிக்கும், அன்றைக்கு மட்டும் ஒரு எண்ணாவது இடறக் கூடாதா என்று கிடந்தேன். சந்தையில் கூட்டமா என்று கேட்டால் ஆமாம் என்பார். ரயில்வே கேட்டா என்றால் அதற்கும் ஆமாம். பொய் சொல்கிறவன் முகத்தில் ஒரு சின்ன அவசரம் இருக்கும், அதுகூட இல்லை, கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருந்தது முகம். டீசல் ஒழுகுகிறதோ என்று நாலு நாள் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. எவனாவது உறிஞ்சி எடுக்கிறானோ என்று டேங்க் மூடியில் என் தலைமுடி ஒன்றைச் சுற்றி வைத்தேன். முடி அறவில்லை. சாத்தான்குளத்தில் எவளாவது இருக்கிறாளோ என்றும் நினைத்தேன், நினைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம், வெட்கத்தை விட்டுச் சொன்னால் சந்தோஷம்தான், அவள் பெயரைக் கேட்டு நானே ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

கருங்குளம் வந்துவிட்டது. இடது பக்கம் வாழைத் தோட்டங்கள், காற்றில் கிழிந்த இலைகள், கிழியாத இலைகள். கிழியாததுதான் சந்தைக்குப் போகும். நாற்பத்தைந்தில் போகிறோம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பின்னால் வருகிற கார்க்காரன் ஹாரன் அடித்து அடித்துச் சலித்து ஒதுங்கிப் போகிறான். "போலே, போயி பங்க்குல பணத்தக் கொட்டு," என்கிறார் இவர் அவனைப் பார்த்து, கோபமே இல்லாமல். இந்த நாற்பத்தைந்தைக் காட்டுகிற மீட்டர்கூட வண்டியில் ஓடவில்லை, இஞ்சின் சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் கேபிள் அறுந்து உள்ளேயும் ஏதோ உடைந்துபோய், முள் படுத்துவிட்டது, கிலோமீட்டர் எண்களும் நின்றுவிட்டன. ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எட்டு. அந்தக் கடைசி எட்டு பாதி ஏறிய நிலையில் நிற்கிறது, கிணற்றிலிருந்து ஏறுகிறவன் நடுப்படியில் நின்றுவிட்டது மாதிரி. "எனக்கு என்னத்துக்கு மீட்டரு, இந்த ரோட்டுக் கல்லு எல்லாம் மனப்பாடம்" என்பார், அதனால்தான் நடைக்கு அறுபத்தாறு என்று பெருக்கி மைலேஜ் பார்க்கிறார், ஓடாத மீட்டர் சொல்லாத தூரமெல்லாம் எங்கே போகும், டீசலில்தான் போய் நிற்கும். மெக்கானிக் காசிம் பாய் மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கேயோ தேடி ஒரு பழைய மீட்டர் வாங்கிக் கொடுத்தார். மாட்டுகிறேன், மாட்டுகிறேன் என்று இவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பொட்டலம் இப்போது என் குதிகாலில் இடிக்கிறது. ஏர் ஃபில்டரை மாற்றினார், மீட்டர் வந்த அன்றைக்கே. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ண வைத்தார், வீல் ஜாமாகிறதோ என்று நாலு பிரேக் டிரம்மையும் பிரித்துக் கிரீஸ் வைத்தார், காற்றை வெயில் ஏறும் முன்னால் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும் என்று விடியற்காலையில் கடைக்காரனை எழுப்பினார். அரை மணி நேர வேலை, மீட்டரை மட்டும் மாட்டவில்லை. ஏன் என்று இப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது, இந்த வியர்வையில், இந்தப் பொட்டலத்தைக் காலால் தள்ளி வைக்கும்போது, தோன்றியதும் அதை அப்படியே மூடிவிடுகிறேன். காசிம் பாய் போன வாரம் சொன்னார், "அண்ணாச்சி, இஞ்சின் புதுப் பொண்ணு கணக்கா இருக்கு. இனிமே நான் கழத்துததுக்கு என் சட்டைதான் பாக்கி." "பொண்ணுன்னா அப்பப்ப மொறண்டு பிடிக்கும்லா பாய்," என்றார் இவர், எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு காசிம் பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார், ஜெபராஜ் பார்த்த அதே பார்வை. ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும். ஓசூரிலிருந்து மகள் வந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், ஸ்கேன் என்பாள், டாக்டர் என்பாள், வண்டியை வித்துருங்க என்பாள், சரியாகத்தான் சொல்வாள். வண்டியை விற்றால் இந்தக் கைகளை என்ன செய்வார். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் தரையை லேசாக மிதித்துக்கொண்டிருக்கும், கட்டைவிரலால், உள்ளங்கால் படாமல். ஒரு நாள் வந்த வழியும் மறந்துபோய் எங்கேயாவது தேரிக்காட்டில் செம்மண் நடுவே, ஸ்டெப்னி இல்லாமல், டீசல் தீர்ந்து, ஏழு நிமிஷம் இருக்கு என்று உட்கார்ந்திருப்பார். அதற்கு மேல் நினைக்க மாட்டேன். ஆறு லிட்டர். ஆறு பிடித்துவிட்டால் போதும். இன்றைக்கு நான் பக்கத்தில் இருக்கிறேன், அறுபத்தாறு கிலோமீட்டரையும் கண்ணால் பார்த்திருக்கிறேன், இதற்கும் ஆறு பிடித்தால் குற்றம் இரும்புடையது. இரும்பைப் பிரிக்கலாம், கழுவலாம், மாற்றலாம்.

விலக்கு வருகிறது. இடது பக்கம் திரும்பினால் தாமிரபரணிப் பாலம், பாலம் தாண்டினால் பங்க், அதைத் தாண்டி வீடு. வலது பக்கம் போனால் சாத்தான்குளம். ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று காலையிலேயே தீர்மானித்திருந்தேன், அவராக எந்தப் பக்கம் ஒடிக்கிறார் என்று பார்க்க வேண்டும், அதற்குத்தானே அவர் வா என்றதும் ஏறி வந்தது. நிழற்குடையில் இரண்டு பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். தூரத்திலேயே காலை எடுத்துவிட்டார், வண்டி இளைத்து வந்து நிழற்குடைக்கு நேராக, ஒரு முழம் தள்ளாமல், நின்றது. பெண்களில் ஒருத்தி எங்களைப் பார்த்தாள், பின்னால் காலியான வண்டியைப் பார்த்தாள், மறுபடி ரோட்டைப் பார்த்தாள். "என்னங்க?" "ஒரு நிமிசம்." இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அரை நிமிஷம் நின்றாலும் இஞ்சினை அணைத்துவிடுகிற மனிதர், ரயில்வே கேட்டில் சாவியைத் திருகிவிட்டு மற்ற டிரைவர்களையும் திட்டுகிற மனிதர், இதோ நிறுத்திவிட்டு டீசலைச் சும்மா எரித்துக்கொண்டிருக்கிறார். இன்ஜெக்டர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறாரோ. டயர் சூட்டைப் பார்க்க இறங்கப் போகிறாரோ. இல்லை, அவர் கண் என்னைத் தாண்டிப் போகிறது, இடது பக்கக் கண்ணாடிக்கு, அதில் பின்பக்கம் தெரியும், பஸ்ஸாக இருந்தால் படிக்கட்டு தெரியும், ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், கடைசியாக ஏறிக்கொண்டு விசில் கொடுத்து ரைட் சொல்கிற கண்டக்டர். பதினைந்து நொடி இருக்கும். இருபது. கை இண்டிகேட்டர் தண்டின் மேல் இருக்கிறது, மேலேயும் தள்ளவில்லை, கீழேயும் தள்ளவில்லை. சும்மா இரு ஆவுடை, என்ன நடக்கிறது என்று பார், தெரிந்துகொள்ளத்தானே வந்தாய். தெரிந்துகொள்ள வந்தவளுக்குத் தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை. என் வாய் தானாகவே திறந்தது. "போலாம், ரைட்," என்றேன், தமாசு மாதிரி. "பாலத்துக்குப் போலாம், ரைட்." கால் அழுந்தியது, வண்டி நகர்ந்தது. இடது பக்கம் ஒடித்தார். உதட்டில் ஒரு சிரிப்பு இருந்ததா, இருந்தது போலத்தான் இருந்தது. நான் சொல்லாவிட்டாலும் இந்தப் பக்கம்தான் வந்திருப்பார். வீட்டுக்குப் போகிற மனிதர் வேறு எந்தப் பக்கம் ஒடிப்பார். பாலத்தில் ஏறினோம், கீழே ஆறு ஒரு ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது, மணலில் யாரோ வேட்டி உலர்த்தியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும், சொல்லித் தொலைத்தேன், இனி அந்தப் பைப் சொன்னால்தான் உண்டு.

பங்க்கில் நீலச் சட்டை போட்ட அதே பெண்தான் நின்றாள். "தாத்தா, நேத்துதான ஃபுல் பண்ணுனீய?" "குடிகாரன வச்சிருந்தா டெய்லி ஊத்தத்தான் செய்யணும்." அவள் சிரித்துக்கொண்டே சைபரைக் காட்டினாள். நான் இறங்கி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எண்களுக்கு நேராகப் போய் நின்றேன். ஒன்று தாண்டியது. இரண்டு. மூன்று தாண்டும்போது அவரும் வந்து பக்கத்தில் நின்றார். மூன்று எண்பதில் பைப் தானாக நின்றது. நின்றுவிடாதே, இன்னும் ரெண்டு லிட்டருக்கு மேல் இருக்கிறது, குடி, குடி என்று நான் வண்டியிடம் கெஞ்சினேன். அவர் தோளைக் கொடுத்து ஆட்டினார், நானும் போய் மறுபக்கம் கையை வைத்து ஆட்டினேன், "ஆச்சி, வண்டிய சாச்சிராதீய" என்றாள் அந்தப் பெண். குமிழ்கள் வந்தன. நாலு பத்து. ஆட்டினோம். நாலு முப்பது. அவள் பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள், நாலு முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, டீசல் மேலே ஏறி வந்து டேங்க் வாயில் முட்டி, நேற்று நின்ற அதே இடத்தில், அதே மினுமினுப்போடு நின்றது. நாலு புள்ளி நாலு. "சூப்பர் தாத்தா, பதினஞ்சு," என்றாள் மனசுக்குள் வகுத்துப் பார்த்து. யாராவது ஜெயித்தால் குழந்தைகள் கைதட்டுவது போல என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காசைக் கொடுத்தார், மூடியைத் திருகினார், திருகி முடித்த பிறகும் கையை எடுக்காமல் அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கிலோமீட்டர் கூடினாலே தெருவெல்லாம் சொல்லித் திரிகிறவர். நான் சிரிக்கப் பார்த்தேன். "ஃபில்டர் மாத்துனதுதான் கேட்டிருக்கு போல," என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கழுவிய டம்ளர் முகம் இல்லை அது. மேடையிலிருந்து இறங்கி வந்து சரியாகச் சொன்னேனா என்று கேட்ட முகம்.

"வண்டில ஒண்ணும் இல்ல, ஆவுடை," என்றார். "நல்லாத்தான் இருக்குன்னு எனக்குத் தோணிக்கிட்டேதான் இருந்திச்சு. பாலத்துல ஏறும்போது சில நாளு மணி பதினொண்ணு ஆயிருது. நடுவுல என்னாச்சுன்னு தேடிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. வெறும் ரோடு மாதிரி கெடக்கு. அதான் இன்னைக்கு உன்னைய ஏத்துனேன்." பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. அவர் மூடியிலிருந்து கையை எடுத்தார். "அந்த மீட்டர மாட்டச் சொல்லணும். நாளைக்கே. எவ்வளவு ஓடுதுன்னு தெரியட்டும்." "சரி." "நாளைக்கும் வருவியா?" "வெயிட்டு கூடுமே," என்றேன். "கூடட்டும்."

கதவு இரண்டு தடவை இழுத்துச் சாத்தினால்தான் பிடிக்கும். சாத்திக்கொண்டு, கண்ணாடியை முழுசாக இறக்கினேன். அவர் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்று உள்ளே வந்தது, ஆற்றுக் காற்று, எலுமிச்சம்பழம் ஆடியது. சாவியைத் திருகினார். இஞ்சின் பிடித்தது, நல்ல இஞ்சின், சொன்னதைக் கேட்கிற இஞ்சின். கியரில் கையை வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல், இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தார். டிராக்டர்க்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். நான் பொட்டலத்தைக் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ரைட்," என்றேன்.